சீமாட்டியின் பின்னங்கால்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இரண்டு காலில் நடக்கிறவர்களும் நான்கு காலில் நடக்கிறவர்களும் சுகம். உன் சுகத்தைத்தான் நீ போனில் பாதி சொல்லிப் பாதி முழுங்கிவிட்டாய். நீ பார்த்துக்கொண்டிருந்த குதிரைக்குக் கால் எலும்பு கூடாமல் போய், கடைசியில் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிட்டார்கள் என்று அழுதாய். அதோடு விட்டாயா, "என் கைக்கு ஒண்ணும் தெரியலம்மா, இந்த ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு வந்துடறேன்" என்றாய். பதிலை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் ஆரம்பித்தால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், உருப்படியாக ஒன்றும் நடக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே நடந்ததை முதலில் கேள், அப்புறம் முடிவு எடு.

நீ குதிரை ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதிலிருந்து உன் அப்பாவுக்கு நம் லாயத்தைப் பளபளவென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வெறி. நீ வந்து பார்த்தால் அசந்துபோக வேண்டுமாம். மழையில் சவாரி முடிந்து குதிரைகள் உள்ளே வந்ததும் வராததுமாகக் குழாயைத் திறந்து எல்லாக் காலையும் கழுவுவார். கழுவின கால் மறுபடி சேறாகக் கூடாதென்று ஈரத்தோடேயே துணிப்பட்டையைச் சுற்றியும் விடுவார். "சேறு காய்ஞ்சதும் பிரஷ்ஷால தட்டிவிட்டா போதும், ஈரக் காலைச் சுத்தாதீங்கன்னு உங்க மக சொல்லிட்டுப் போனாளே" என்று நான் சொன்னால், "நீ உன் தையல் மெஷினைப் பாரு" என்பார். கல்யாணமாகி வந்த நாள்முதல் நான் குதிரை பக்கமே போனதில்லை, அந்தத் தைரியத்தில் வருகிற பேச்சு அது. ஆனால் நீ கிளம்புகிற அன்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நம் வயசான வெள்ளைக் குதிரை சீமாட்டியின் காலில் வைத்து, "தினம் காலைல மேலேருந்து கீழ வரைக்கும் தடவிப் பாரும்மா, எல்லாருக்கும் நாலு காலும். ஒரு கால் மட்டும் சுட்டா விடாதே" என்றாயே, அதை நான் ஒரு நாளும் விட்டதில்லை. ஆரம்பத்தில் பயந்து பயந்து ஒரு விரலால்தான் தொடுவேன். சீமாட்டியோ காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, இவளெல்லாம் என்னைத் தொடுவதா என்கிற மாதிரி பார்ப்பாள். போகப் போக என்னைச் சகித்துக்கொண்டாள்.

இந்த மழையில் ஒரு நாள் காலையில் தடவிக்கொண்டே வந்தவள் சீமாட்டியின் பின்னங்காலில், குளம்புக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நின்றுவிட்டேன். பட்டைக்கு மேலேயே, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சூடு. மற்ற மூன்று காலும் சாதாரணமாக இருந்தன. அப்பா வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே நடக்கறா, உனக்குத்தான் காய்ச்சல் போல" என்று சிரித்தார். நான் விடவில்லை. பட்டையை அவிழ்த்து முடியை விலக்கிப் பார்த்தால் தோல் வெடித்து, பொருக்குத் தட்டி, அடியில் சீழ் கசிந்துகொண்டிருந்தது. அவரைக் கேட்காமலே டாக்டருக்குப் போன் போட்டேன். ஈரத்தில் ஊறி ஊறித் தோல் பிளந்து, அது வழியாகக் கிருமி உள்ளே போய் மேலே ஏற ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கால் தூண் மாதிரி வீங்கியிருக்கும், இந்த வயசுல காப்பாத்தறது கஷ்டம்" என்று அவர் சொன்னதும் உன் அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கே மனசு வரவில்லை. ரப்பர் குழாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லிவிட்டேன்.

டாக்டர் ஊசி போட்டார், மீதி வேலை எனக்கு. முடியை ஒட்டக் கத்தரித்து, வெதுவெதுப்பான மருந்துத் தண்ணீரில் பொருக்கை ஊற வைத்து, பிய்க்காமல் தானாக வருவதை மட்டும் எடுத்து, துணியால் ஒற்றி ஒற்றி நன்றாகக் காய்ந்த பிறகு களிம்பு. முட்டி போட்டு உட்காரவில்லை, பயப்படாதே, அவள் உதைத்தால் சட்டென்று விலகும்படி, நீ சொன்ன மாதிரி பக்கவாட்டில் குத்துக்காலிட்டுத்தான். உன் அப்பா வேளாவேளைக்குக் காய்ந்த வைக்கோலை மாற்றிப் போட்டார். வேறு எந்தக் குதிரைக்கும் இது ஒட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி பிரஷ், தனித் துணி என்று நீ பிரித்து வைத்து, கலந்துவிடாமல் இருக்க என் நூல்கண்டிலிருந்து வேறுவேறு கலரில் கட்டச் சொன்னாயே, அதனால்தான். "ஆளுக்கொரு சீப்பு வைக்க இதுங்க என்ன கல்யாணப் பொண்ணுங்களா" என்று அன்றைக்குக் கிண்டல் பண்ணின மனுஷன், இப்போது நூல் நிறம் மாறினால் என்னிடம் சண்டைக்கு வருகிறார்.

கடைசி ஊசிக்கு வந்த அன்று டாக்டர், "நொண்டறதுக்கு முன்னாடியே யாருங்க கண்டுபிடிச்சது" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். லாயத்து விஷயத்தில் அவர் என்னைக் கை காட்டியது அதுதான் முதல் தடவை. நான், "கை என்னதுதாங்க, கத்துக்குடுத்தது என் பொண்ணு" என்றேன். குரல் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது, தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும், எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது உன் விஷயம். போன குதிரைக்காக அழுகிறாயா, அழு, அழாவிட்டால்தான் எனக்குக் கவலை. வீட்டுக்கு வரவேண்டும் போல இருந்தால் உடனே கிளம்பி வா, ஒரு கேள்வி கேட்க மாட்டோம். ஆனால் என் கைக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் இந்த வீட்டில் வந்து சொல்லாதே. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ பிழைக்க வைத்த ஒருத்தி, இதை நான் எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே நாலு காலையும் ஊன்றி நின்று புல் தின்கிறாள்.

மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவி உன் விரலெல்லாம் வெடித்திருக்கும், நன்றாகத் துடைத்துக் காய வைத்துக் களிம்பு போடு, குதிரைக்கு ஒரு நியாயம் உனக்கு ஒரு நியாயம் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவும் நானும் உன்னை மனசார ஆசீர்வதிக்கிறோம். நீ தொடுகிற காலெல்லாம் எழுந்து நடக்கட்டும்.

இப்படிக்கு,
இப்போது குதிரைக்குப் பயப்படாத
உன் அம்மா