ஊன்றுகோலை விட்ட ஞாயிற்றுக்கிழமை

2024 ஜூலை 9, திண்டிவனம்

காலையில் ஜாக்கெட்டுகளுக்கு ஊக்கு தைத்துக் கொடுத்துவிட்டு வக்கீலைப் பார்க்க ஓடினேன். புனிதா மேடத்துக்கு என்னைவிட வயசு குறைவுதான், ஆனால் பேச்சில் கண்டிப்பு. வேன் மோதியதிலிருந்து என்னென்ன பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று கேட்டார். எக்ஸ்ரே இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. ரத்தம் பட்ட சட்டை? துவைத்தும் கறை போகாததால் கரித்துணியாக்கிவிட்டேன் என்றேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இனிமே எதையும் துவைக்காதீங்க, கிழிக்காதீங்க. இன்சூரன்ஸ்காரங்க ஆள் அனுப்புவாங்க. நல்லா சிரிச்சுப் பேசுவான். உங்க ஆளுங்க யாரும் வாயைத் தொறக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் புருஷன் ஆரோக்கியராஜ் பைபாஸில் ஓரமாகத்தான் பைக்கில் வந்தார். எதிர்த்திசையில் வந்த லோடு வேன் அடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, தகடு வைத்திருக்கிறார்கள். தப்பு செய்தவன் இன்னும் வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அடிபட்டதை நிரூபிக்க அலைவது நாங்கள். என்ன நியாயமோ.

ஜூலை 22

இவர் டைல்ஸ் போடுகிற ஆள். நாள் முழுக்கக் குந்தியே செய்கிற வேலை. இன்றைக்குக் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குந்திப் பார்த்தார். பாதியிலேயே அலறிவிட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சோறு வேண்டாம் என்றார். கேஸில் பணம் வராவிட்டால் — இதை எழுதி முடிக்க எனக்குத் தைரியமில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கெடாரிலிருந்து அண்ணி வந்து எங்களை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார். அண்ணி என்றால் இவருடைய அக்கா இருதயசெல்வி. குணமளிக்கும் ஜெபக் கூட்டமாம். பந்தல் கொள்ளாத ஜனம். முதலில் எனக்கு வியர்வையும் எரிச்சலும்தான். பாட்டு ஏற ஏற இவர் அழ ஆரம்பித்தார். "கால் முடியாத ஒரு சகோதரன் இங்க இருக்கார், எழுந்து வாங்க" என்று மேடையிலிருந்து கூப்பிட்டார்கள்.

இவர் எழுந்தார். ஊன்றுகோலை என் மடியில் போட்டுவிட்டு நடந்தார்! மேடை வரைக்கும்! மைக்கைப் பிடித்து, "ஆண்டவர் எனக்குப் பூரண சுகம் குடுத்துட்டாரு. வலி இல்ல. மெய்யாலுமே இல்ல" என்றார். அண்ணி அழுதுகொண்டே செல்லில் வீடியோ எடுத்தார். நானும்தான் அழுதேன். அடிபட்ட பிறகு இவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 19

கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 23

மறுபடி விழுப்புரம் ஆஸ்பத்திரி, மறுபடி எக்ஸ்ரே. தகடு வளைந்துவிட்டது. எலும்பு ஒட்டவே இல்லை. இன்னொரு தடவை திறக்க வேண்டுமாம், அதற்குப் பிறகு பல மாதம் படுக்கை. ஆபரேஷனை இலவசமாகவே செய்தாலும் அத்தனை மாதம் அடுப்பு எரிய வேண்டுமே. கேஸ் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

"கோல் இல்லாம நடந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது இவர் தலையைக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திண்டிவனத்தில் இறங்கும்போதுதான் சொன்னார்.

"நீ நம்ப மாட்ட பிரியா. நடந்தப்போ வலிக்கல. அப்புறம்தான் வந்துச்சு."

நம்புகிறேன் என்றேன். சமாதானத்துக்குச் சொன்னேனா? இல்லை. அந்த முகத்தைப் பார்த்தவள் நான்.

நவம்பர் 4

அண்ணி போனில் ஒரே சந்தோஷம். "யாரோ ஒரு தம்பி வந்து ராஜுவைப் பத்தி விசாரிச்சுக்கினு இருந்தாரு. ரொம்ப மரியாதையான புள்ள. ஆண்டவர் செஞ்சதை நான் மறைப்பனா? வீடியோவைக் காட்டுனேன். அனுப்பச் சொன்னாரு, அனுப்பிட்டேன்."

மேடம் சொன்ன இன்சூரன்ஸ் ஆள்தான் அது. வாய்வரை வந்த திட்டை விழுங்கினேன். அண்ணியிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தம்பி குணமானதை ஊருக்குச் சொல்லாமல் அவர் வேறு எதைச் சொல்வார்?

2025 ஜூன் 11

எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வீடியோவைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார். புனிதா மேடம் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"எக்ஸ்ரே நம்ம பக்கம் இருக்கு. ஆனா அன்னிக்கு வலி இல்லன்னு நீங்க நின்னீங்கன்னா, கால் அப்பவே சரியாயிடுச்சு, அப்புறம் கெட்டது வேற எதாலயோன்னு சாதிப்பாங்க. வலியோடதான் நடந்தேன், கூட்டத்துல உணர்ச்சிவசப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அதானே நடந்தது?"

இவர் ஊன்றுகோலின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். மேடம் என்னைப் பார்த்தார். "ஆமாங்க மேடம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "ஆண்டவர் குடுத்ததைப் பொய்யின்னு எப்படிடி சொல்றது? அதுவும் அவர் பேர்லயே சத்தியம் பண்ணிட்டு?"

கத்திட்டேன். உன் ஆண்டவர் ஒரு நாள் குடுத்தாரு, மறுநாளே புடுங்கிக்கினாரு! தையல் மிஷினை மிதிச்சு மிதிச்சு என் காலும் போவுது, அது உன் கண்ணுக்குத் தெரியலையா? பொய்யின்னு சொல்லித் தொலையேன்யா! — பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். இவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 18

கோர்ட். சொல்வதெல்லாம் உண்மை என்று கடவுள் பேரில் இவரைச் சொல்ல வைத்தார்கள். வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். அதில் இவர் அழுதுகொண்டே சிரிக்கிறார்.

"நடந்தப்போ வலி இருந்துச்சா, இல்லையா? சுருக்கமா சொல்லுங்க" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

இவர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் அண்ணி. தம்பிக்காக வேண்டிக்கொள்ள ஜெபமாலையோடு வந்திருந்தார். ஏதாவது சொல்லேன், சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இருந்துச்சுங்க ஐயா. வலியோடதான் நடந்தேன். அன்னிக்கு சொன்னது பொய்."

திரும்பிப் பார்த்தேன். அண்ணி எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 2

மருத்துவ போர்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனி ஒருநாளும் டைல்ஸ் வேலைக்குத் திரும்ப முடியாதாம். கேஸுக்கு இது ரொம்ப நல்லது என்கிறார் மேடம். நல்லதாம்!

டிசம்பர் 3

தீர்ப்பு எங்கள் பக்கம். கேட்டதைவிடக் குறைவுதான், ஆனாலும் இவர் எழுந்து நடமாடும்வரை வீடு தாங்கும். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவர் "சந்தோஷங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். அண்ணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

2026 பிப்ரவரி 8, ஞாயிறு, விழுப்புரம்

நாளைக்கு ஆபரேஷன். இங்குள்ள பங்குச் சாமியார் வார்டில் இருக்கும் கிறிஸ்தவர்களுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். எங்கள் கட்டிலருகே நின்று அப்பத்தை எடுத்தார். இவர் தலையசைத்தார்.

"வேணாங்க சாமி. பாவத்தோட வாங்கக் கூடாது."

"பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு கேக்கணுமா? இப்பவே கேக்கறேன், அம்மா கொஞ்சம் வெளியில இருக்கட்டும்."

"பண்ணா, இனிமே அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்னு சொல்லணும் இல்லீங்களா சாமி? நாளைக்கே கூண்டுல ஏத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். வேற வழியில்லீங்க."

சாமியாருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வற்புறுத்தாமல் இவர் நெற்றியில் சிலுவை வரைந்தார். பிறகு அப்பத்தை என் பக்கம் நீட்டினார்.

சொல்லச் சொன்னவள் நான். நானும் வாயைத் திறக்கவில்லை.