முகத்தில் ஏறிய சிவப்பு

ஜமுனாமரத்தூர்
9.4.2024

அன்புள்ள செந்தாமரைக்கு,

நலமா? நீ போனை எடுப்பதில்லை. உன் அண்ணன் தேவராஜ் எடுத்து, "அவ பேச மாட்டாளாம் மச்சான்" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

போன வாரம் திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்குமுன் நானே முந்திக்கொண்டு, "நான் குடிக்கறதில்லீங்க மேடம்" என்றேன். சிரித்துவிட்டார். "யாருங்க கேட்டா? எரியுதா, அதச் சொல்லுங்க" என்றார். மூக்கும் கன்னமும் எரிவது, சூடாக டீ குடித்தால் முகம் பற்றிக்கொள்வது, கண்ணில் மண் விழுந்தது போல் உறுத்துவது எல்லாம் சொன்னேன். இதற்கு ரோசேசியா என்று பெயராம். முப்பது வயதுக்கு மேல் அதிகம் வருமாம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் ஆரம்பத்தில் சிவப்பு தெரியாது, பரு என்று விட்டுவிடுவார்களாம். குடிக்காதவர்களுக்கும் வருமாம், செந்தாமரை. இதை மட்டும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன்.

மெடிக்கல் கடையில் நானாக வாங்கித் தடவிய களிம்புதான் இன்னும் கெடுத்ததாம். இப்போது ஒரு ஜெல்லும் மாத்திரையும். சூடு ஆகாது என்பதால், வேலை பார்க்கும் விடுதிச் சமையலில் அடுப்படியை விட்டு, காய் நறுக்கும் பக்கம் மாறிக்கொண்டேன். வெயிலும் ஆகாதாம், வெளியே போனால் க்ரீம் பூசி, தலையில் துண்டு போட்டுக்கொள்கிறேன். கல்யாணப் பெண்ணே தோற்றாள் போ.

ஒற்றை ஆளுக்குச் சாமைச் சோறு வடித்தால் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வா.

உன்
அர்ச்சுனன்

*

சந்தவாசல்
2.5.2024

என் வீட்டுக்காரருக்கு,

நலம். படவேட்டு அம்மன் முன்னால் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தீர்கள். அடுத்த பொங்கலுக்குள் முகம் சிவந்தது. சத்தியம் மீறினவனை அம்மன் முகத்திலேயே காட்டிக்கொடுப்பாள் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? "இன்னாடா அர்ச்சுனா, காலங்காத்தாலயே ஏத்திட்டியா?" என்று ஊரே கேட்டதே. அதைக் கேட்டுத்தானே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குடித்த காலத்தில் நீங்கள் சொன்ன பொய்யெல்லாம் கேட்டவள் நான். டாக்டர் சொன்னது பொய் என்று சொல்லவில்லை. என் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. இன்னொரு தரம் கற்பூரம் ஏற்றுங்கள். வருகிறேன்.

செந்தாமரை

*

ஜமுனாமரத்தூர்
20.5.2024

அன்புள்ள செந்தாமரைக்கு,

சத்தியம் செய்ய எனக்குப் பயமில்லை. ஆனால் மாட்டேன். இது ஒரேயடியாகப் போகிற நோய் இல்லையாம். மருந்தில் அடங்கும், வெயிலோ சூடோ பட்டால் மறுபடி தலைதூக்கும். அப்போதெல்லாம் கற்பூரம் ஏற்றச் சொல்வாயா? ஒரு தரம் செய்தேன், அதைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறேன். அந்த நம்பிக்கையில் வா.

பருவெல்லாம் அடங்கி முகம் பாதி தெளிந்துவிட்டது. வரும் ஞாயிறு பகல் பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் நிற்பேன். வராவிட்டால் அதற்கடுத்த ஞாயிறும் நிற்பேன். சண்டை போடவாவது வா. வீட்டில் சத்தமே இல்லை.

உன்
அர்ச்சுனன்

*

சந்தவாசல்
28.5.2024

என் வீட்டுக்காரருக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். அண்ணனிடம்கூடச் சொல்லாமல் துணிப்பையோடுதான் வந்தேன்.

நிறுத்தத்தில் பஸ் திரும்பும்போதே உங்களைப் பார்த்துவிட்டேன். நிழலில் எல்லாரும் நிற்க, நீங்கள் மட்டும் ரோட்டுக்கு வந்து ஜன்னல் ஜன்னலாகத் தேடினீர்கள். நான் அடையாளம் காணட்டும் என்றுதானே துண்டையும் எடுத்துவிட்டீர்கள்? முகம் அப்படியே சிவந்து கிடந்தது. வெயில்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். "எறங்கலியாம்மா?" என்றார் கண்டக்டர். திரும்பிப் போக டிக்கெட் கேட்டேன்.

நீங்கள் குடிக்கவில்லை. நம்புகிறேன். ஆனால் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, தினமும் சந்தேகப்படாமல் சோறு போட என்னால் ஆகாது. என் இந்தக் கோளாறுக்கு எந்த டாக்டரிடம் போவேன்?

மருந்தை விட்டுவிடாதீர்கள். இனி எனக்காக வெயிலில் நிற்க வேண்டாம்.

செந்தாமரை