தம்பி சொன்னது

மார்ச் 4

நடைமேம்பாலத்தின் வடக்குப் படிக்கட்டு இன்று காலை இடிந்து விழுந்தது. பதினோரு பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை — பணியில் இருந்த மருத்துவர் சொன்னது. போன மாதம் பாலத்தைச் சோதித்த நகராட்சிப் பொறியாளர் யார் என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டேன். பெயரைச் சொல்லிவிட்டு குமாஸ்தா என் முகத்தைப் பார்த்தார். என் தம்பி.

இந்தச் செய்தி எனக்கு வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். “இத்தனை வருஷமா பக்கம் சாயாம எழுதறவர் நீங்க. வேற யார்கிட்ட குடுக்கறது?” என்றார். இன்னொரு தரம் மறுத்திருக்கலாம். அவர் சொன்னதைக் கேட்க நன்றாக இருந்தது.

மார்ச் 5

தம்பியைப் போனில் பிடித்தேன். “நிருபரா பேசறேன். நீ சொல்றது அச்சுல வரும்” என்று முதலிலேயே சொன்னேன்.

“சரிங்க சார்” என்றான்.

படிக்கட்டை உடனே மூட வேண்டும் என்று மேலதிகாரியிடம் நேரில் சொன்னானாம். தடுப்புக் கம்பிகள் வந்து இறங்கினவாம். மறுநாளே யாரோ திரும்ப ஏற்றிப் போய்விட்டார்களாம். மேலதிகாரியோ, சோதனையில் எந்தக் குறையும் தன்னிடம் சொல்லப்படவில்லை என்கிறார்.

பாலத்தடியில் பூட்டு, சாவி விற்பவரைக் கேட்டேன். “கம்பி வந்துச்சு சார். என் கடை வாசல்லயே போட்டாங்க. சண்டை போட்டேன். மறுநாள் காணோம். நம்ம குரலுக்கு இவ்ளோ மரியாதையான்னு எனக்கே சந்தேகம்.”

ஒருவர் சொல்ல வேண்டும், சம்பந்தமில்லாத இன்னொருவர் ஆமாம் என்க வேண்டும். அப்போது அச்சுக்குப் போகலாம். புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. இரண்டும் கையில் இருந்தன. ஆனாலும் எழுத்தில் ஓர் ஆதாரம் கிடைக்கட்டும் என்று தம்பி சொன்னதை விட்டுவிட்டேன். ‘பொறியாளர் பொறுப்பை மறுத்தார்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

மார்ச் 6

முதல் பக்கம். மதியத்துக்குள் தம்பியைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள்.

மார்ச் 7

தம்பி போனை எடுக்கவில்லை.

மார்ச் 9

துணை ஆசிரியரம்மாவை அலுவலகத்தில் ‘கத்தரி’ என்போம். யார் எழுதினாலும் பாதியை வெட்டிவிடுவார். இன்று டீ குடிக்கும்போது கேட்டார்: “பூட்டுக் கடைக்காரர் கதைய அன்னிக்கு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. செய்தில காணோமே. நான் வெட்டலயே?”

எழுத்தில் ஆதாரம் இல்லை என்றேன்.

“முன்னாடி போட்ட தண்ணித் தொட்டி செய்தில அந்தப் பொறியாளர்கிட்ட எழுத்துல கேட்டீங்களா? காவலாளி ஆமான்னாரு, போட்டோம்.”

“இவன் என் தம்பிம்மா.”

“அதத்தான் சொல்றேன். ஊரார் பிள்ளையா இருந்தா தப்பிச்சிருப்பாரு.”

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லை. தம்பி பக்கம் சாய்ந்துவிடுவேனோ என்ற பயத்தில் மறுபக்கம் சாய்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்க்க நேராகத்தான் தெரிந்தது. அப்படியானால் மற்ற செய்திகளில் எங்கே நின்றேன்? எதன் மேலும் ஆசையோ பயமோ இல்லாதவனால்தான் நேராகப் பார்க்க முடியும் என்றால், அவனுக்குப் போய்ப் பார்க்கவே தோன்றாதே.

இல்லை, இதுவும் சாக்கு. யாராலும் முழுசா முடியாதுன்னு சொல்லிக்கிட்டா தூக்கம் வரும். கடைக்காரர் சொன்னதைப் போட முடிஞ்சிருக்கும். போடல.

மார்ச் 10

ஆசிரியரிடம் விட்டுப்போனதைச் சொன்னேன். மறு செய்தி வேண்டும், அதை நான் எழுதக் கூடாது என்றேன். போன வருடம் சேர்ந்த பெண் நிருபரிடம் கொடுத்தார். என் குறிப்புகளை அவளிடம் ஒப்படைத்தேன்.

மார்ச் 12

என் மேசைக்கே வந்து என்னைப் பேட்டி எடுத்தாள்.

“தம்பி சொன்னத அன்னிக்கே கேட்டுட்டீங்க. சரி. அதுக்கு வேற யாரு சாட்சி?”

“அவன்தான்.”

“அப்ப அவர்கிட்டயும் கேட்டுக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க சார்.”

தப்பாக நினைக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

சாயங்காலம் வந்து சொன்னாள்: “சரியா இருக்கு சார். ‘அந்த நிருபர் கூப்பிட்டாரு, சொன்னேன், போடல’ன்னாரு.”

அவனிடமிருந்து ஒரு வாரத்தில் என் காதுக்கு வந்த பேச்சு இது ஒன்றுதான்.

மார்ச் 14

அவள் செய்தி வந்துவிட்டது. தம்பி சொன்னது, கடைக்காரர் சொன்னது, கம்பிகளை ஏற்றிப்போன வண்டி ஓட்டுநர் சொன்னது எல்லாம் இருக்கின்றன. நான் விட்டதும் இருக்கிறது, நான்கு வரியில். மேலதிகாரி இன்னும் மறுக்கிறார்.

மதியம் தம்பி மனைவி போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பாரு மாமா. பேசுவாருன்னு நான் சொல்லல. வர்றதுன்னா வாங்க.”

“விசாரணை அறிக்கை வந்துரட்டும்மா. வந்ததும்—”

“எது உண்மைன்னு தெரிஞ்சப்புறம் வர்றதுக்கு அண்ணன் எதுக்கு மாமா? பேப்பரே போதும்.”

கம்பிகளை எடுக்கச் சொன்னது யார் என்பது இன்னும் உறுதியாகவில்லை. அறிக்கை புதன்கிழமை வரும் — விசாரணைக் குழுச் செயலர் சொன்னது. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன்.