ஏழு நிரை

அக்கா,

இன்று காலை ஈப்போ சந்தையில் ஒரு மாங்கன்று வாங்கினேன். ஒட்டுப் போட்ட இடத்தில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தது. அதைத் தொட்டதும் உங்கள் ஒட்டுக்கத்தி நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில் நம் தோட்டத்தில் ஒட்டுக் கட்ட உங்களை மிஞ்ச ஆளில்லை. வரிசையாக நட்ட ரப்பர் கன்றுகளில் நீங்கள் பட்டையைக் கீறி மொட்டு வைப்பீர்கள். மொட்டுக்குச்சிகளை ரகம் பிரித்துக் கட்டிக் கொடுப்பது என் வேலை. மூன்று ரகம், மூன்று கட்டு. அன்று மழையில் ஓடும்போது வழுக்கி விழுந்தேன். சேற்றில் சிதறியதை எது எதுவென்று பாராமல் அள்ளி, மூன்றாகக் கட்டி உங்களிடம் நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை, பாவி.

அடுத்த வருஷம் இலைகள் காட்டிக் கொடுத்தன. ஏழு நிரையில் மூன்று ரகமும் கலந்து நின்றன. தோட்டக் கணக்கு பார்க்கும் கிராணி எல்லார் முன்னாலும், "கண்ணு என்ன பொட்டையா?" என்று உங்களைக் கேட்டார். நீங்கள் தலைகுனிந்து நின்றீர்கள். நான் உங்கள் பின்னால்தான் நின்றேன். மறுநாளே ஒட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டு உங்களைப் புல் வெட்ட அனுப்பினார்கள். அந்த அவமானத்தில் தோட்டத்தை விட்டே குடும்பத்தோடு ஆயர் தாவாருக்குப் போய்விட்டீர்கள்.

கன்றுகள் மரமான பிறகு அந்த நிரைகளில் பால் வெட்டியது நான். மற்ற இடமெல்லாம் ஒரே ரகம், ஒரே உயரம், ஒரே இருட்டு. இங்கே நெட்டையும் குட்டையுமாய் நின்றதால் வெயில் இறங்கியது. அடியில் பெரணி, மேலே குருவிகள். தன் இனத்து நடுவில் நோஞ்சானாய் நின்ற ரகம்கூட இங்கே பருத்தது. ஒரு வருஷம் துளிர்க்கும் நேரத்தில் இலைநோய் வந்து பக்கத்து நிலத்துண்டு முழுக்க மொட்டையானது. உங்கள் நிரையில் ஒரு மரத்தைப் பிடித்த நோய், பக்கத்தில் வேறு ரகம் நின்றதால் பரவ முடியாமல் திணறியது. கிராணியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்கோ அந்த நிழலில் நிற்கவே பயம். முதுகுக்குப் பின்னால் நீங்கள் நிற்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

சொல்லிவிடத்தான் ஒருமுறை ஆயர் தாவாருக்கு வந்தேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மரங்கள் பிழைத்த கதையைச் சொன்னேன். கலந்தது யாரென்று சொல்லாமல் பஸ் ஏறினேன்.

உங்கள் சாவுக்கு வந்தபோது உங்கள் மகள் என்னைத் தனியாக அழைத்தாள்.

"அம்மாவுக்கு அப்பவே தெரியும் சித்தி. குச்சி கட்டுனது நீங்க மட்டுந்தான லா. நீங்களா சொல்லுவீங்கன்னு கடைசி வரைக்கும் பாத்தாங்க."

அந்த மரங்களையும் வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டுவிட்டார்கள். கலந்தது நான்தான், அக்கா. இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். வேறு யாரிடம் சொல்லியும் இது இறங்கவில்லை.