கீழே விட்ட இடம்

என்னவருக்கு,

காலையில் எழுந்ததும் பங்குக் கோயிலுக்குப் போய், சுவரில் பதித்த உங்கள் முதல் மனைவியின் நினைவுக்கல்லைத் துடைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அது என் வேலைதானே. அவள் பெயருக்குக் கீழே உங்களுக்காக, கல் பதித்த அன்றே நீங்கள் விட்டுவைத்த வெற்றிடத்தை மட்டும் இன்று துடைக்கவில்லை.

உங்களை அடக்கம் செய்து ஒரு மாதமாகிறது. கல்தச்சர் வந்து நின்றார்.

“இடம் தயாரா இருக்கேம்மா. ஐயா பேரைச் செதுக்கிடட்டுமா?”

“இவ்வளவு வருஷம் காத்திருந்தவங்கதானேண்ணே, இன்னும் ரெண்டு நாள் பொறுக்கட்டும்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செத்தவளிடமா சக்களத்திச் சண்டை என்று கேட்பீர்கள். ஆமாம், அவளிடம்தான். எதிர்ச்சுவரில் உங்களுக்குப் புதுக் கல் பதிக்கப்போகிறேன், கீழே எனக்கு இடம் விட்டு. பங்குத்தந்தைக்குக்கூட இன்னும் தெரியாது. அவள் அங்கிருந்தே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி