அப்பா வயிறும் மஞ்சள் மாத்திரையும்

கெலுகோர், பினாங்கு

அன்பு மகள் கிறிஸ்டலுக்கு,

மாதா துணையில நீயும் மாப்பிள்ளையும் டேரில் குட்டியும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். இங்க நாங்க சுகம், வழக்கமா எழுதுற சுகம் இல்ல, நிஜமாவே சுகம். போன்ல சொன்னா உங்கப்பா பக்கத்துல உக்காந்து வார்த்தைக்கு வார்த்தை திருத்துவாரு, அதான் எழுதுறேன். குட்டி ஞானஸ்நானத்துக்கு அப்பா டப்ளின் வருவாரா மாட்டாரான்னு நீ அழுதது என் மனசுலயே இருக்கு. வயிறு எப்போ கலக்குமோங்குற பயத்துல மனுஷன் பாலம் தாண்டி அக்கரையில இருக்குற புக்கிட் தெங்காவுக்குக்கூட வரமாட்டாரே, கோயில்லயும் கதவோரமா கடைசி பெஞ்சுதானே. டாக்டருங்க எல்லாம் பாத்துட்டு பெருசா ஒண்ணும் இல்லன்னு சொல்லியும் பயம் போகல.

பக்கத்து வீட்டு நஜ்வா யூனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றா, மஞ்சள்ல இருக்குற குர்குமின் நம்ம குடல் கிருமிகள என்ன பண்ணுதுன்னு. அந்தச் சத்து ரத்தத்துல கொஞ்சம்தான் சேருதாம், மிச்சம் நேரா பெருங்குடலுக்குப் போயி அங்க குடியிருக்குற கிருமிகளை மாத்துதாம், கிருமிகளும் அதை மாத்துதாம். அங்கிள், நீங்களும் இந்தச் சோதனையில சேந்துக்குங்கன்னா, இவரும் தலையாட்டிட்டாரு. மாத்திரைக்கு முன்னாடி கொஞ்ச வாரம் சாப்பாட்டுல மஞ்சளே கூடாதுன்னா. நானும் மஞ்சள்தூள் டப்பாவ மேல் அலமாரியில ஏத்திட்டு நல்ல பிள்ளையா மீன் கறி வச்சேன். ஒரு நாள் நஜ்வா வந்து சட்டியப் பாத்துட்டு, ஆன்ட்டி இது ஏன் மஞ்சளா இருக்குன்னு கேட்டா. கறித்தூள் போட்டா அப்படித்தான் லா இருக்கும்னேன். சொல்லி வாயை மூடுறதுக்குள்ள எனக்கே விளங்கிருச்சு. பாவம் அவ, சிரிச்சு முடிச்சிட்டு திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சா. அப்புறம் வீட்ல எல்லாம் வெள்ளைச் சமையல், உங்கப்பா பத்தியச் சோறுன்னு முணுமுணுத்தாரு. இதுல நஜ்வா கேட்ட கக்கூஸ் சாம்பிளை அவரு ஐஸ் பெட்டியில என் இறாலுக்குப் பக்கத்துல வைக்கப் பாத்தாரு, நான் விடுவேனா.

மாத்திரை ஆரம்பிச்சுது. பாதிப் பேருக்கு மஞ்சள் சத்து, பாதிப் பேருக்கு வெறும் அரிசி மாவு, யாருக்கு எதுன்னு முடியிற வரைக்கும் நஜ்வாவுக்கே தெரியாது. உங்கப்பா வேளைக்குச் சாப்பிட்டு சாயங்காலம் நடக்கப் போயி நாளுக்கு நாள் தெளிஞ்சாரு. பாசார்ல மீன் வாங்குறவங்களையெல்லாம் நிறுத்தி வச்சு மஞ்சள் மகிமை பேசினாரு. அந்தத் தைரியத்துலதான் உன்னை டிக்கெட் எடுக்கச் சொன்னாரு, அதுவும் கழிவறைக்குப் பக்கத்து சீட்டா.

போன வாரம் யூனிவர்சிட்டில ரிசல்ட். அங்கிள் சாப்பிட்டது அரிசி மாவுன்னு நஜ்வா தயங்கித் தயங்கிச் சொன்னா. மஞ்சள் சாப்பிட்டவங்களுக்கும் ஆளுக்கு ஆள் கிருமி வேற மாதிரி மாறுது, இப்பவே முடிவு சொல்ல முடியாதுன்னா. போச்சு, இனி டப்ளினும் இல்ல ஒண்ணும் இல்லன்னு நினைச்சேன். வீடு வர்ற வரைக்கும் நான் ஜெபமாலைய உருட்டிக்கிட்டே வந்தேன். இவரு வாசல்ல காரை நிறுத்திட்டு, "லீனா, அப்போ என் வயிறு மருந்தே இல்லாம நல்லாயிருச்சா?"ன்னாரு. ஆமாங்கன்னேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு கிறிஸ்டல், அவரு அப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு, எனக்கும் சந்தோஷத்துல அழுகை வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு நேரா முன் பெஞ்சுல போயி உக்காந்தாரு, சாமியாரே ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு.

நீ மாப்பிள்ளைக்கு வாங்கி வச்சிருக்கேன்னு சொன்னியே, மிளகு சேத்த மஞ்சள் மாத்திரை, அதை டாக்டரைக் கேக்காம குடுக்காதே, அதிகமானா சிலருக்கு ஈரல் கெட்டுப் போகுதாம். ரசத்துல போடுறது போதும், நான் பொடி இடிச்சு எடுத்துட்டு வர்றேன். நீயும் பால் குடுக்குற உடம்பு, நேரத்துக்குச் சாப்பிடு.

ஆண்டவர் உங்க மூணு பேரையும் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கட்டும், குட்டிக்கு எங்க முத்தம். ஒண்ணே ஒண்ணு மறந்துடாதே மா, அப்பாவோட சீட்டை உடனே மாத்திடு. கழிவறைப் பக்கம் வேணாமாம், ஜன்னல் ஓரம் வேணுமாம், மேகம் பாத்துக்கிட்டே வரணுமாம்.

பெட்டி கட்டிக்கிட்டிருக்கும் உன் அம்மா,
லீனா பேட்ரிக்