பூந்தொட்டி குடித்த தண்ணீர்

பிரேதப் பரிசோதனை டாக்டரான என் அம்மாவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், தங்கள் ஒரே மகன் இன்று யாரும் அதட்டாமலே பல் துலக்கிவிட்டான். கைதட்டலாம்.

பேசவே கூடாதென்று வார்டு டாக்டர் எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருப்பதால்தான் எழுதுகிறேன். கழுத்தில் துண்டைக் கட்டிப் பறக்கவிட்டபடி மாமாவின் பைக்கில் உட்கார்ந்தது என் வீரம். அந்தத் துண்டைச் சுருட்டி இழுத்துக் கழுத்தை இறுக்கியது சக்கரத்தின் திமிர். மாமா துண்டை அறுத்தார், நான் எழுந்து சிரித்தேன். அத்தோடு முடிந்த கதையை நீதான் ஆஸ்பத்திரி வரை இழுத்துவந்தாய்.

உன் ஆராய்ச்சி எனக்கும் தெரியும். கழுத்து இறுகியும் பிழைத்து, ஆஸ்பத்திரியில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, சில நாளில் தொண்டை வீங்கி இறந்துபோனவர்களைப் பற்றியது. வீட்டுக்குப் போகலாம் என்று நேற்று அடம்பிடித்தபோது, "எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னவங்களைத்தான்டா வாலு, நான் மேஜையில அதிகம் பாத்திருக்கேன்" என்றாய். பிறகு என் போர்வையில் இல்லாத சுருக்கத்தையெல்லாம் நீவிவிட்டாய்.

நான் இரும்பு. நர்ஸ் அக்கா தந்த தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்தேன். "விழுங்க முடியுதா?" என்றதற்குக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அம்மா, அந்தத் தண்ணீரைக் குடித்தது ஜன்னலோரப் பூந்தொட்டி. நாளைக்கு மேட்ச் இருக்கிறதே என்று மறைத்துவிட்டேன். விழுங்கினால் முள்ளாகக் குத்துகிறது. திருட்டுத்தனமாகப் பேசிப் பார்த்தேன், குரலும் நேற்றைவிடக் கம்மியிருக்கிறது. இதுவரை எழுதியதை நர்ஸ் அக்காவிடம் காட்டிவிட்டேன், டாக்டர் வந்துகொண்டிருக்கிறார். இதை ஆயாம்மாவிடம் கீழே உன் பிணவறைக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

நீயும் மேலே வா. இரும்புக்குப் பயமாக இருக்கிறது.

உன் ஆராய்ச்சியில் சேர விரும்பாத,
வாலு